'மீ' எந்த வேற்றுமை? ஆங்கிலத் தன்மைப் பெயரும் எல்லைப்புறத் தமிழ் மாணவரும்

'யாரு?' என்று உள்ளிருந்து குரல் வருகிறது. 'நான்தான்' என்கிறார் கதவைத் தட்டியவர். அரக்கோணத்தில் அடுத்த வீடு தெலுங்கு பேசும் வீடானால் 'நேனே' என்று பதில் வரும். இரண்டும் எழுவாய் வடிவங்கள். இரண்டிலும் வினைச்சொல் கிடையாது. இதையே ஆங்கிலத்தில் 'இட் இஸ் ஐ' என்று எழுதும் பிள்ளைக்குப் பழைய தலைமுறை ஆசிரியர் மதிப்பெண் போடுவார். 'இட் இஸ் மீ' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார். லண்டனில் கதவைத் தட்டுகிறவரோ 'மீ' என்றுதான் சொல்கிறார். அந்தச் சுழிப்பு எங்கிருந்து வந்தது? லத்தீன் இலக்கணத்தின் பங்கு பலரும் அறிந்ததே. நம் வகுப்பறைகளில் அதற்கு உரமிட்டது தமிழ் வேற்றுமை இலக்கணம் என்பது என் வாதம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் இவ்விடத்தில் 'நான் அது' என்ற அமைப்பே இருந்தது. வினை 'நான்' என்பதோடு இயைந்தது. சாசர் காலத்திலும் 'இட் ஆம் ஐ' என்ற வழக்கு உண்டு. பிறகு வேற்றுமை உருபுகள் தேய்ந்தன. சொல் நிற்கும் இடமே அதன் வேலையைக் காட்டத் தொடங்கிற்று: வினைக்கு முன்னிடம் எழுவாய்க்கு, பின்னிடம் செயப்படுபொருளுக்கு. பின்னிடத்தில் நின்ற 'ஐ' மெல்ல 'மீ' ஆயிற்று. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் முதலானோர் இதை ஏற்கவில்லை. 'இஸ்', 'வாஸ்' போன்ற வினைகளுக்குப் பின்னும் எழுவாய் வடிவமே வர வேண்டும் என்றனர். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் 1894இல் இந்த மாற்றத்தை மொழியின் இயல்பான வளர்ச்சியாகப் பார்த்தார். ஆனால் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது லௌத்தின் விதிதான். அதைக் கொண்டுவந்த நூல்களில் பெயர்பெற்றது ரென்–மார்ட்டின் இலக்கணம். அந்த ரென், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணி பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே.

விதி வந்தது சரி, இங்கே இவ்வளவு உறுதியாக ஏன் ஒட்டிக்கொண்டது? நன்னூல் படித்த காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. தமிழில் எழுவாய் பெயர்ப் பயனிலை கொள்ளும். 'அது நான்' என்பதில் இரண்டு பெயர்களும் முதல் வேற்றுமை. நன்னூலார் இரண்டாம் வேற்றுமைக்குச் சொல்லும் ஆறு பொருள்களில் ஒத்தலும் ஒன்று. 'அவன் என்னை ஒத்தான்' என்றால் உருபு வரும். 'அவன் நான்' என்றால் வராது. ஒத்திருத்தலும் அதுவாகவே இருத்தலும் வேறு வேறு என்று தமிழ் கோடு போட்டுவிடுகிறது. இன்றைய ஆங்கிலப் பேச்சு அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஒத்தாலும் 'மீ', ஒன்றேயானாலும் 'மீ'. வினைக்குப் பின் நின்றால் போதும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழில் செயப்படுபொருளின் உருபு 'ஐ'. ஆங்கிலத்தில் எழுவாய் 'ஐ'.

மற்ற வினைகளுக்குப் பின்னால் சிக்கல் வேறு மாதிரி. 'என்னை', 'எனக்கு', சில இடங்களில் 'என்னிடம்' ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் 'மீ' ஒன்றையே வைத்திருக்கிறது. முன்னால் 'டு' வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வினையும் தனித்தனியே தீர்மானிக்கிறது. 'எனக்கு விளக்கினார்' என்பதை நினைத்து எழுதும் மாணவர் 'எக்ஸ்ப்ளெயின்டு மீ' என்கிறார். 'என்னாண்ட சொன்னான்' என்று பேசிப் பழகியவர், 'என்னாண்ட' என்பதற்கு ஈடு வேண்டுமே என்று 'டோல்டு டு மீ' என்கிறார். தெலுங்கில் 'நாதோ செப்பாடு', அதாவது 'என்னோடு சொன்னான்', என்றும் வழங்குவதால் அங்கே 'வித் மீ' நுழைய வாய்ப்பு உண்டு. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வண்டியில் ஏறினால் வழியில் வருவது திருத்தணி. 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது. வீட்டுப் பேச்சு அப்படியே இருந்தது. ஆகவே இந்த வட்டார வகுப்பறையில் ஒரே 'மீ' இரண்டு தாய்மொழிகளின் வழியாக இரண்டு விதமாகப் பிசகலாம். இரண்டையும் ஒரே பிழையாகத் திருத்துவது வைத்தியம் ஆகாது.

'ஐ'தான் மரியாதையான சொல் என்று பயந்த மாணவர் செய்யும் பிழை இன்னும் பெரியது: 'ஹி இன்வைட்டட் மை ஃபிரெண்ட் அண்ட் ஐ', 'பிட்வீன் யூ அண்ட் ஐ'. முழுப் பழியையும் இலக்கண ஆசிரியர்மேல் போட முடியாது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிக'னில் அன்டோனியோவின் கடிதத்திலேயே, லௌத் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, இரண்டாவது வழக்கு வந்துவிட்டது. என்றாலும் இதற்குத் தமிழ் கைகொடுக்கும். 'என் நண்பனையும் என்னையும் அழைத்தார்' என்று சொல்லிப் பார்த்தால், உம்மை வரும் இரண்டு இடத்திலும் உருபு தலைநீட்டுகிறது; 'நண்பனையும் நானும் அழைத்தார்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. 'என்னைவிட உயரம்' என்பதும் 'தேன் மீ' என்ற பேச்சு வழக்குக்கு நேராகவே பொருந்துகிறது.

இந்த உரைகல் இரண்டு இடங்களில் பொய்க்கும். ஒன்று, தொடக்கத்தில் கண்ட 'நான்தான்'. மற்றொன்று 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' போன்ற தொடர்கள். இவற்றில் நான்காம் வேற்றுமை நிற்கும் இடத்தில் ஆங்கிலம் 'ஐ' கேட்கும். ஒருகாலத்தில் ஆங்கிலமும் நம்மைப் போலத்தான் பேசியது. 'மீதிங்க்ஸ்' என்ற பழஞ்சொல்லின் பொருள் அச்சு அசலாக 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைத் தமிழ் அல்லது தெலுங்குத் தொடரில் தொடங்குங்கள். பொய்க்கும் அந்த இரண்டு இடங்களைத் தனியே எழுதிப் போடுங்கள். விடைத்தாளில் 'இட் இஸ் மீ' வந்தால் விட்டுவிடுங்கள். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' வந்தால் சுழியுங்கள்.