'டீடாக்ஸ்' ஜூஸ் குடித்தால் உடல் சுத்தமாகுமா? நாள்பட்ட அழற்சிக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு?

"வெறும் வயித்துல இதைக் குடிங்க, மூணே நாள்ல உடம்புல இருக்குற நச்செல்லாம் வெளியே வந்துடும்." வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் இப்படி ஒரு வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. சமீப காலமாக இதோடு இன்னொரு சொல்லும் சேர்ந்து வருகிறது: இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி. சர்க்கரை நோய், மூட்டு வலி, தொப்பை, சோர்வு என எல்லாவற்றுக்கும் அழற்சிதான் காரணம், அதைப் போக்க டீடாக்ஸ்தான் வழி என்கிறார்கள்.

இதில் பாதிதான் உண்மை. நாள்பட்ட அழற்சி நிஜமான பிரச்னை. ஆனால், அது ஜூஸ் குடித்துக் கழுவிவிடக் கூடிய அழுக்கு அல்ல. இன்னும் சொல்லப்போனால், டீடாக்ஸ் என்ற பெயரில் குடிக்கும் சில சாறுகள், உடலைச் சுத்தம் செய்யும் கல்லீரலையும் கிட்னியையுமே பாதித்திருக்கின்றன.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கு அறிகுறிகளையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பதிவு செய்திருக்கிறார். கிருமியை அழிக்கவும் காயத்தை ஆற்றவும் நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே திரள்வதால்தான் இப்படி நடக்கிறது. வேலை முடிந்ததும் தானாக அடங்கிவிடும். இந்த அழற்சி இல்லையென்றால் புண்ணே ஆறாது.

பிரச்னை, அது அடங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும்போதுதான். இதுவே நாள்பட்ட அழற்சி. பெரும்பாலும் வெளியே தெரியாது, வலிக்கவும் வலிக்காது. தொப்பைக் கொழுப்பு, புகைப்பழக்கம், மதுப்பழக்கம், கவனிக்காமல் விட்ட ஈறு நோய், தொடர்ந்து தூக்கம் குறைவது ஆகியவை முக்கிய காரணங்கள். முடக்குவாதம் போன்ற நோய்களில், நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவதாலும் இது வரும்.

தொப்பைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற ரசாயன சமிக்ஞைகளை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அந்த சமிக்ஞை கிடைத்ததும் கல்லீரல் 'சிஆர்பி' என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அழற்சியைக் கண்டறிய ரத்தத்தில் பரிசோதிப்பது இதைத்தான்.

இதய நோய் அபாயத்தைக் கணிக்கும் நுண்ணிய சிஆர்பி பரிசோதனையில், ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம் என எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், சாதாரண சளி, காய்ச்சல் வந்தாலே இந்த அளவு எகிறிவிடும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நாமே முடிவுக்கு வரக்கூடாது.

அழற்சிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2017-ல் வெளியான 'கான்டோஸ்' என்ற பெரிய ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சிஆர்பி அளவும் கூடுதலாக இருந்த சுமார் 10,000 பேர் இதில் பங்கேற்றனர். அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி மருந்து, கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 15% குறைத்தது.

ஆனால், அதே மருந்து எடுத்தவர்களிடம் உயிர் பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்று அதிகமாக இருந்தன. அழற்சியை அடியோடு அழிக்க நினைப்பதும் ஆபத்து என்பது இதிலிருந்து தெரிகிறது. தேவையில்லாமல் நீடிப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

உடல் தன்னைத்தானே எப்படிச் சுத்தம் செய்கிறது?

இதில் முதலிடம் கல்லீரலுக்கு. சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள இந்த உறுப்பு வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. மருந்து, மது போன்றவற்றை என்சைம்கள் முதலில் வேதி மாற்றம் செய்கின்றன. அடுத்த கட்டமாக, அவற்றைத் தண்ணீரில் கரையும் பொருளாக்கி சிறுநீருக்கோ பித்தநீருக்கோ அனுப்பிவிடுகின்றன. புரதம் செரிக்கும்போது உருவாகும் நச்சுத்தன்மை கொண்ட அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதும் கல்லீரல்தான்.

அடுத்தது கிட்னி. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றும். பித்தநீரோடு வரும் கழிவு மலத்தில் போய்விடும். வியர்வையில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான். வியர்த்துக் கொட்டினால் நச்சு வெளியேறும் என்ற நம்பிக்கைக்கு பெரிய ஆதாரம் இல்லை.

இந்த வேலை 24 மணி நேரமும் நடக்கிறது. யாரும் வருடத்துக்கு ஒருமுறை 'சர்வீஸ்' விட வேண்டியதில்லை.

அப்போ டீடாக்ஸ் பானங்கள் எதுவும் செய்வதில்லையா?

எந்த நச்சு, எவ்வளவு வெளியேறியது என்று பெரும்பாலான டீடாக்ஸ் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. டீடாக்ஸ் உணவு முறைகள் பற்றிய ஆய்வுகளை 2015-ல் அலசிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அவை பலன் தருவதாக நிரூபிக்கும் தரமான மருத்துவ சோதனை ஒன்றுகூட இல்லை என்று எழுதினர். மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்தால், அதில் பெரும்பகுதி தண்ணீர். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப ஏறிவிடும்.

மருத்துவமனையில் நிஜமான நச்சு முறிப்பு நடக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரலைக் காக்க அசிடைல்சிஸ்டீன் என்ற மருந்து கொடுப்பார்கள். எந்த நச்சு, என்ன மருந்து, எவ்வளவு டோஸ் என எல்லாமே அதில் தெளிவாக இருக்கும்.

இயற்கையானதுதானே, என்ன ஆகிவிடும்?

கேரளாவில் நடந்ததைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி, இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காயின் சாற்றை அதிக அளவில் குடித்த 10 பேருக்கு திடீரென கிட்னி பாதிக்கப்பட்டது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டதாக 2013-ல் வெளியான மருத்துவக் கட்டுரை கூறுகிறது. அந்தக் காயில் உள்ள ஆக்சலேட் கிட்னியில் படிகமாகப் படிந்ததே காரணம். பச்சை பாலக் கீரையிலும் ஆக்சலேட் அதிகம். குழம்பில், கூட்டில் சேர்ப்பது வேறு, தினமும் பெரிய டம்ளரில் சாறாகக் குடிப்பது வேறு.

கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் கொடியைப் பலரும் சாப்பிட்டார்கள். அதனால் கல்லீரல் பாதித்ததாகக் கருதப்படும் 43 பேரைப் பற்றிய ஆய்வை, நாடு முழுவதும் உள்ள 13 மருத்துவ மையங்களின் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் பாதுகாப்பானது என்று கூறி, இத்தகைய முடிவுகளை மறுத்தது. எப்படியிருந்தாலும், ஏற்கெனவே கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையையும் தொடர்ந்து எடுப்பது ரிஸ்க்தான்.

அழற்சியும் கல்லீரலும் சந்திக்கும் இடம்

அந்த இடம்தான் ஃபேட்டி லிவர். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அங்கேயே அழற்சி உண்டாகி, நாளடைவில் தழும்பு விழுந்தால் சிரோசிஸ் வரை போகலாம். குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் இது வருகிறது. 2021-ல் மத்திய அரசு இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

நல்ல செய்தி, இதைத் திருப்ப முடியும். உடல் எடையில் 3 முதல் 5% குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10% குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ இருப்பவருக்கு இது 6 முதல் 8 கிலோ.

என்ன செய்யலாம்?

* இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ, பெண்கள் 80 செ.மீ என்பது எல்லை.
* வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. தினம் 30 நிமிடம் வீதம் 5 நாள் நடந்தாலே போதும்.
* ஜூஸாக வடிகட்டாமல் பழமாகச் சாப்பிடுங்கள். காய்கறி, பயறு, சுண்டலில் நார்ச்சத்து கிடைக்கும்.
* இனிப்பு பானங்களைக் குறையுங்கள். புகையும் மதுவும் வேண்டாம்.
* 7 மணி நேரத் தூக்கம். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள்.
* சமையலில் மஞ்சள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், அதிக டோஸ் குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, சிறுநீர் அளவு குறைவது, கால் வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் டீடாக்ஸ் ஜூஸை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். போகும்போது நீங்கள் எடுக்கும் மூலிகைப் பொடி, சாறு, மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். 'உடம்பைச் சுத்தம் செய்கிறேன்' என்று சொல்லி சுகர், பிபி மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.