சத்திரம், கிளப், வளவு: வழிப்போக்கருக்கு யார் கதவைத் திறந்தார்கள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் காரில் கிளம்புகிறார்கள். கோவை செட்டிபாளையத்தில் ஒரு நாள் கோல்ஃப், அப்புறம் ஊட்டி, அப்புறம் கொடைக்கானல். கடைசியாக ரெண்டு நாள் செட்டிநாடு. "உங்க ஊர்ப் பக்கம் எங்க தங்கலாம்? அங்கேயும் கோல்ஃப் மைதானம் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டிருந்தார்.

ரெண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிடலாம். எங்க ஊர் நேமத்தான்பட்டி. செம்மண், கண்மாய், ஊருக்கு நடுவே பெரிய பெரிய வீடுகள், அதுல பாதிக்கு மேல பூட்டு. கோல்ஃப் கிடையாது. காரைக்குடியிலிருந்து மதுரை வழியா கொடைக்கானலுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அதனால விளையாட்டை மலையிலேயே முடிச்சுட்டு, மட்டைகளை டிக்கியில போட்டுட்டுக் கீழே இறங்குங்க.

முதல் கேள்விதான் என்னை ஒரு வாரமா விடலை. எங்க தங்கலாம்? இன்னைக்கு ஃபோனை எடுத்தா பதில் வந்துடும். ஆனா இருநூறு வருஷமா இந்தச் சாலைகள்ல போனவன் எங்க தூங்கினான், யார் அவனுக்குக் கதவைத் திறந்தாங்க? இதைத் தேடிப் போனா ஒரு வரலாறே கிடைக்குது.

திறந்த கதவு

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போற பாதையில ஆரம்பிப்போம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இந்த வழி நெடுக சத்திரங்கள் கட்டினாங்க. இன்னும் நிற்கிறதுல பேர் பெற்றது ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி 1802இல் ஏற்படுத்தியது. அதுக்கு முந்தின வருஷம் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கு. சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு அதுல விவரிக்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கன் வந்தாலும் சோறு உண்டு. நோயில விழுந்தா வைத்தியர் பார்ப்பார். கர்ப்பிணி வந்தா பிரசவம் பார்த்து அனுப்புவாங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்பும் உண்டு.

எல்லாரும் ஒரே பந்தியில உட்கார்ந்தாங்கன்னு இதை வாசிச்சிடக் கூடாது. அந்தக் காலம் அப்படி இல்லை. ஆனா வந்தவனை வாசல்ல நிறுத்தி "நீ உறுப்பினரா?"ன்னு யாரும் கேட்கலை. அதுதான் இங்கே முக்கியம். ரயில் வந்தப்புறம் நடந்து போறவன் குறைஞ்சான், சத்திரமும் மங்கிப் போச்சு.

நமக்கு நாமே

அடுத்து எங்க ஆட்கள், நகரத்தார். ஊர்ல இருக்கிறதைவிட வழியில இருந்த நாள்தான் அதிகம். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்னு கிளம்பினவங்க எங்க தங்கினாங்க? கிட்டங்கியில. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளைப் பத்திக் கேட்டிருப்பீங்க. நீளமான ஒரே கூடம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி, ஒரு சின்ன மேசை, உட்காரப் பாய். பகல்ல அதுவே ஆபீஸ், வட்டிக் கடை எல்லாம். ராத்திரி அதே இடத்துல படுக்கை. சமையல் பொது. லாட்ஜ் செலவுங்கிற பேச்சுக்கே இடமில்லை.

கோயிலுக்குப் போற வழியிலும் இதே கதை. காசியில நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863இல் தொடங்கினது. 2025 அக்டோபர்ல அங்கேயே பத்து மாடியில 140 அறைகளோட இன்னொரு சத்திரத்தைத் துணைக் குடியரசுத் தலைவர் சி.பி. ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார். நூற்று அறுபது வருஷம் கழிச்சும் ஒரு சமூகம் தன் ஆட்களுக்குக் காசியில அறை கட்டிக்கிட்டே இருக்கு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா விடுதிகள் பலவற்றிலும் முதல்ல கேட்கிற கேள்வி, "எந்தக் கோயில், எந்த ஊரு?" இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, நேமமா... ஒன்பது கோயில்ல ஒண்ணைச் சொல்லத் தெரிஞ்சவனுக்கு அது சொந்த வீடு. தெரியாதவன் வேற இடம் பார்த்துக்கணும்.

மலை மேல கிளப்

இப்போ கோல்ஃப் பக்கம் வருவோம். பிரிட்டனுக்கு வெளியே உருவான முதல் கோல்ஃப் கிளப் கல்கத்தாவுல, 1829. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல். ஊட்டியில வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில விளையாடினாங்க. வெயில் தாங்காம மலையேறின வெள்ளைக்காரங்க, விளையாட்டு, சாப்பாடு, படுக்கை எல்லாத்தையும் ஒரே நிறுவனத்துக்குள்ள வெச்சாங்க. அதுக்குப் பேர் கிளப்.

ஊட்டி கிளப் கட்டிடத்துக்கு ஒரு கதை உண்டு. 1830களின் ஆரம்பத்துல சர் வில்லியம் ரம்போல்டு அதைக் கட்டினது ஓட்டலா. காசு கொடுத்தா அறை. 1840களின் தொடக்கத்துல அது கிளப்பா மாறிடுச்சு. பில்லியர்ட்ஸ் மேசையில பிறந்த ஸ்னூக்கருக்கு அங்கேதான் விதிகள் எழுதி மாட்டினாங்கன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. ஓட்டல் கிளப்பானதுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான்: காசு மட்டும் இருந்தா போதாது, யாராவது உங்களை முன்மொழியணும்.

அந்த "யாராவது" பெரும்பாலும் வெள்ளைக்காரர். 1832இல் தொடங்கின மெட்ராஸ் கிளப்பில் சுதந்திரத்துக்கு அப்புறமும் பல வருஷம் இந்தியர் உறுப்பினராக முடியலை. அதனாலதான் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது, நம்ம ஆட்கள் நமக்குன்னு தொடங்கினது. இன்னைக்கு நந்தனத்துல அண்ணா சாலையை ஒட்டி இருக்கிற கோல்ஃப் மைதானம் அவங்களோடது.

விடுதியும் கிளப்பும் பார்க்க வேற வேற. ஒண்ணுல விபூதி, இன்னொண்ணுல விஸ்கி. ஆனா வாசல்ல நடக்கிறது ஒண்ணுதான்: நீ யாரோட ஆளு?

காரைக்குடியில தலைகீழ்

ஊட்டியில ஓட்டல் கிளப்பாச்சு. காரைக்குடியில அது தலைகீழா நடந்தது. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்து ஆண்கள் கூடிப் பேசுற கிளப்பா இருந்த பங்களாவை, மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி 1999இல் ஓட்டலாத் திறந்தாங்க. அதுதான் 'தி பங்களா'. ஆண்கள் மட்டும் கூடின இடத்தை ஒரு பெண்மணி ஊருக்கே திறந்துவிட்டாங்க. செட்டிநாட்டுல பாரம்பரிய ஓட்டல்ங்கிற யோசனைக்கு அது வழிகாட்டி. அப்புறம் கானாடுகாத்தானில், ஒரு தகப்பனார் மகள் விசாலாட்சிக்காகக் கட்டின 'விசாலம்'. திருமயம் பக்கம் கடியாபட்டியில 'சிதம்பர விலாஸ்'. கோத்தமங்கலத்துல 'சாரதா விலாஸ்'. இதை மீட்டெடுத்தவங்க பெர்னார்ட் டிராகன், மிஷேல் அத்மான் என்ற ரெண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் ஏறினதுக்குப் பின்னாலும் அவங்க உழைப்பு இருக்கு.

வீடுகள் ஏன் ஓட்டல் ஆகவேண்டி வந்தது? பதில் பர்மாவுல இருக்கு. 1930களின் பொருளாதார மந்தத்துல கடன் வாங்கின விவசாயிங்களால திருப்பித் தர முடியலை. பணத்துக்குப் பதிலா நிலம் வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் சுமார் 6 சதவீத நிலம். 1938இல் 25 சதவீதம். அந்த விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய இழப்புன்னு நாம பேசறதே இல்லை. 1942இல் ஜப்பான் படை வந்ததும் ஓட்டம். 1948க்குப் பிறகு நிலம் தேசியமயம். தேக்கு வந்த வழியும் பணம் வந்த வழியும் ஒண்ணா அடைஞ்சு போச்சு. ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியற வீடுகள், பெருக்க ஆள் இல்லாம நின்னுச்சு.

எங்க வீட்டு வளவு

இதை நான் தள்ளி நின்னு சொல்ல முடியாது. நேமத்தான்பட்டியில எங்க ஐயா கட்டின வீட்டுல எங்களுக்கும் ஒரு பங்கு. இன்னைக்கு அது பதினெட்டுப் புள்ளிக்குப் பொது. போன தை மாசம் பங்காளிகள் எல்லாம் பட்டாலையில பாய் விரிச்சு உட்கார்ந்தோம். ஒரு அண்ணன் சொன்னார், "தூணையும் நிலையையும் வித்தா ஆளுக்கு இவ்வளவு வரும்." காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனா, அப்படி வித்த வீடுகளோட கதவையும் கண்ணாடியையும் கடை கடையாப் பார்க்கலாம். இன்னொரு பங்காளி, "ஓட்டலுக்குக் குத்தகை விடுவோம்"னார். எங்க அப்பச்சி ஒரே கேள்விதான் கேட்டார்: "படைப்பு அன்னிக்கு நாம எங்க போறது?" யாரும் பதில் சொல்லலை.

அந்தக் கேள்வியில கட்டிடக் கலையும் இருக்கு. வளவைச் சுத்தி இருக்கிற அறைகள் தூங்கறதுக்குக் கட்டினது இல்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, சாமான் வெச்சுப் பூட்ட. படுக்கிறது பட்டாலையில, வளவுத் தாழ்வாரத்துல, எல்லாரும் சேர்ந்து. அதுல கட்டிலும் குளியலறையும் போடணும்னா சுவரை உடைக்கணும், குழாய் இழுக்கணும். அதை நிதானமா, வீட்டைக் கெடுக்காமச் செஞ்ச இடங்களும் உண்டு. பழைய முகப்பைக் காட்டிப் பின்னால கான்கிரீட் கட்டின இடங்களும் உண்டு.

அதனால, கேள்வி கேட்ட நேயருக்கு என் பதில். அறை பதிவு பண்றதுக்கு முன்னால மூணு விஷயம் விசாரிங்க. அறை பழைய வீட்டுக்குள்ளயா, புதுக் கட்டிடத்துலயா? சமைக்கிறது உள்ளூர் ஆளா? வீட்டுக்காரக் குடும்பம் இன்னும் சாமி வீட்டுல விளக்கேத்த வர்றாங்களா? மூணாவதுக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா, அங்கேயே தங்குங்க. நீங்க கொடுக்கிற வாடகையில ஒரு கூரை ஒழுகாம இருக்கும், ஒரு குடும்பம் தன் வீட்டுக்கே விருந்தாளியாப் போக வேண்டியிருக்காது.

எங்க வீட்டுக்கு? இன்னும் முடிவாகலை. வர்ற தை மாசம் மறுபடி பாய் விரிப்போம். குத்தகைதான்னு ஆனா, வருஷத்துல படைப்பு நாள் மட்டும் எங்களுக்குன்னு பத்திரத்துலயே எழுதணும்னு நான் கேட்கப் போறேன். மத்த நாள் எல்லாம் யார் வேணும்னாலும் வரட்டும். எந்தக் கோயில்னு கேட்க மாட்டோம்.