கிணற்றிலிருந்து அடுப்படிக்கு

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கொங்கு நாட்டு விவசாயிக்கு மேலே வானம் எதிரி, கீழே பாறை எதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று தவறாமல் வரும். மழையை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வரும். கோவைச் சீமைக்கு மிஞ்சியது ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர். பருத்தியோ சோளமோ, எதைப் போட்டாலும் கிணறுதான் கதி. கிணறு வெட்டினால் சில அடி மண்ணுக்குக் கீழே பாறை தட்டிவிடும். கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்துப் பிளந்துகொண்டே இறங்கினால்தான் ஊற்று. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற ஒரு ஜோடி மாடு, தோல் பறி, வடக்கயிறு. மாடு வாரியில் இறங்கப் பறி ஏறும், மாடு பின்னால் நடக்கப் பறி இறங்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இந்தக் கவலை ஏற்றத்தை ஓட்டினாலும் நனைந்த நிலம் கொஞ்சம்தான். பிளந்தெடுத்த பாறை கிணற்றுமேட்டிலேயே குவிந்து கிடந்தது. அந்தக் கல்லுக்கு ஒரு காலம் வரும் என்று எவராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

விடிவு வந்தது நீலகிரியிலிருந்து. பைக்காரா ஆற்றை மறித்து, மூவாயிரம் அடிக்கும் மேலான செங்குத்தில் குழாய் வழியாக இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலை 1929இல் தொடங்கியது. சென்னை மாகாண மின்துறையின் தலைமைப் பொறியாளர் ஹோவர்ட் இதற்குப் பின்னால் நின்றார். 1932இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மலைமேல் பெய்த மழை தண்ணீராக வராமல் கம்பி வழியாகக் கோவைக்கு வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நீராவியை நம்பி முதல் நூற்பாலையைத் தொடங்கிய ஊரில், பைக்காராவுக்குப் பிறகு ஆலைகள் மளமளவென்று எழுந்தன. கிணற்றுமேட்டுக்கும் கம்பி போனது. மாட்டை அவிழ்த்துவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய மோட்டார் கப்பலேறி வர வேண்டும். பழுதானால் உதிரிப்பாகமும் அதே கப்பலில்தான்.

இந்த இடத்தில் ஒரு ஓட்டல் சர்வர் கதைக்குள் வருகிறார். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்து, பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாமல் வளர்ந்த இளைஞர். ஊர்ப்பக்கம் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதன்மேல் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அதை வாங்கக் காசு சேர்ப்பதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் இலை போட்டார், பரிமாறினார். வண்டி கைக்கு வந்ததும் சவாரி போவதற்கு முன்னால் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து விட்டவர், பிறகு பெரிய பேருந்து நிறுவனத்துக்கே முதலாளியானார். அவர்தான் ஜி.டி.நாயுடு. 1937இல் அவரும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து கோவையில் ஒரு மின்மோட்டாரைச் செய்து ஓட்டிக் காட்டினார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது முதலில் கிணற்றடிக்குத்தான் போனது. அவர் ஒருகாலத்தில் எச்சில் இலை எடுத்த ஓட்டல்களின் பின்கட்டுக்கு அதன் வாரிசு போய்ச் சேர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

நடுவில் உலகப்போர் வந்தது. கப்பல் வரத்து குறைந்ததில் மற்ற ஊர்கள் தவித்தபோது, கோவைப் பட்டறைக்காரர்களுக்கு அது யோகமாகிவிட்டது. இறக்குமதி இல்லை என்றால் இங்கேயே வார்க்க வேண்டியதுதானே! பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் 1926 முதலே பையன்களுக்குக் கடைசலும் வார்ப்படமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே கற்றவர்களும், ஆலைகளில் பழகியவர்களும், ஒரு லேத்தையும் ஒரு உலையையும் வைத்துக்கொண்டு தகரக் கொட்டகையில் தொழில் தொடங்கினார்கள். ஐம்பதுகள் பிறந்தபோது பம்பு, மோட்டார், பெல்ட், புல்லி, பேரிங் எல்லாம் கோவையில் தெருவுக்குத் தெரு கிடைத்தன. இத்தனையும் வயலுக்கும் ஆலைக்கும்தான். பத்தடி தள்ளி அடுப்படியில் நடந்துகொண்டிருந்த வேலையை அதுவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வேலை லேசுப்பட்டதல்ல. ஓட்டலில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பின்கட்டில் ஊறவைத்த உளுந்தை வடித்துப் பெரிய ஆட்டாங்கல்லில் கொட்டுவார்கள். இரண்டு கைக்கும் அடங்காத குழவியைப் பிடித்துச் சுற்ற ஒரு ஆள். சுற்றுகிற குழவிக்கும் கல் விளிம்புக்கும் இடையில் விரல் நசுங்காமல் மாவை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே, நடுநடுவே தண்ணீர் தெளிக்க இன்னொரு கை. தண்ணீர் கூடினால் மாவு நீர்த்துவிடும், குறைந்தால் குழவி நகராது. உளுந்து பொங்கி வந்த பிறகு அரிசி, அது ரவைப் பதத்தில் நிற்க வேண்டும். இரவு முழுக்கப் புளித்தால்தான் விடிகாலை இட்லி. ஆள் ஒருநாள் வராவிட்டால் மறுநாள் கடை படுத்துவிடும். ஆனாலும் ஊருக்கு அந்த ஆள்மேல் மதிப்பில்லை. படிக்காத பையனை "நீ மாவாட்டத்தான் லாயக்கு" என்று திட்டாத அப்பா கிடையாது. அந்தக் கொங்குச் சீமையிலேயே ஒருவர் மாவாட்டுவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார் என்பதுதான் ஆச்சரியம்.

அவர் பெயர் பி.சபாபதி. ஆண்டு 1955. ஆட்டாங்கல்லோடு மோட்டாரை இணைத்து மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை அவர் கோவையில் செய்தார். இன்று வெட் கிரைண்டர் என்று பெயரெழுதி, கல்யாணச் சீர்வரிசையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஏறி உட்காரும் பொருளின் பிறப்பு அதுதான்.

மோட்டாரையும் கல்லையும் சேர்ப்பது சொல்லும்போது சுலபம். கோவைப் பட்டறைகளில் ஓடிய மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் குழவியைச் சுற்றினால் மாவு சுவரில்தான் இருக்கும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதற்குச் சின்னப் புல்லியிலிருந்து பெரிய புல்லிக்குப் பெல்ட் போடும் வித்தை நூற்பாலைக்காரர்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. அதைவிடப் பெரிய சிக்கல் குழவி. மனிதக் கை குழவியைச் சுற்றும்போது அழுத்தும், தளர்த்தும், சாய்க்கும். இரும்புத் தண்டுக்கு அந்த நெளிவு சுளிவு ஏது? கோவைக் கிரைண்டர் இதற்குக் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருந்த கல்லைச் சுற்றவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளாகச் சுற்றிய குழவியை ஒரு கையில் மாட்டி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். கல் சுற்ற, அதன் உராய்விலேயே குழவி நின்ற இடத்தில் உருளும். விளிம்பில் ஏறும் மாவை வழித்து உள்ளே தள்ள ஒரு பலகை. விரல் போகவே வேண்டாம். கல்லுக்கு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை. ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறை இருந்தது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் கல்லுக்கும் பேர் வாங்கியது. கிணறு வெட்டுகிறவனை அழவைத்த கடினம்தான் இங்கே தகுதி. மிருதுவான கல்லாக இருந்தால் இட்லியில் மணல் கடிபடும்.

ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகள் அசையவில்லை. ஒரு ஆள் தூக்க முடியாத கனம், அறையில் கால்வாசி இடம், கரண்டுக் கட்டணம். போதாக்குறைக்கு அரைத்த மாவை அடியிலிருந்து கையால் வழித்து, பிறகு அதே குழிக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் மொண்டு கொட்ட வேண்டும். ஆட்டுகிற வேலை போய்க் கழுவுகிற வேலை வந்தது என்று பெண்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. முணுமுணுப்பு பட்டறைக்கு எட்டியது. அச்சில் மாட்டிய பாத்திரத்தை அப்படியே முன்னால் சாய்க்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. பிடியை விடுவித்துச் சாய்த்தால் மாவு வழிந்து சட்டியில் விழும், கழுவிய தண்ணீரும் அப்படியே. இனி ஒரு தடைதான் பாக்கி, அந்தத் தடைக்கு வயது எழுபது.

எங்கள் அம்மாயியைப் போன்றவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். "மெசின்ல அரைச்சா மாவு சூடேறிப் போயிருமுங்க கண்ணு, இட்லி கல்லாட்டம் இருக்கும்" என்பது அவர் தீர்ப்பு. புதுக் கிரைண்டர் வந்ததும் முதல் இரண்டு மூன்று ஈடு தவிட்டையும் நொய்யரிசியையும் போட்டு ஓட்டி, கல்லில் ஒட்டியிருக்கும் பொடியை எடுக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் வந்த அந்த மாவைப் பார்த்ததும் அம்மாயிக்கு வெற்றிப் புன்னகை. நான்காவது ஈடு உளுந்து. பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. ஒரு உருண்டையைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுப் பார்த்தார், மிதந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த வாரம் ஆட்டாங்கல் கொல்லைக்குப் போனது. குழவி கதவுக்கு அண்டை கொடுக்கப் போனது. "அம்மி கொத்தறது, ஆட்டாங்கல் கொத்தறது" என்று உளியும் சுத்தியலுமாகத் தெருவில் கூவி வருகிறவரின் குரல் எந்த வருடம் நின்றது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. இந்தக் கதையில் நஷ்டம் அவருக்குத்தான்.

அடுப்படியைப் பிடித்த கிரைண்டருக்குப் பம்பாயிலிருந்து ஒரு போட்டி கிளம்பியது. அறுபதுகளில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மனைவியின் வெளிநாட்டு மிக்சர் இந்தியச் சமையலுக்குத் தாங்காமல் போனதைப் பார்த்து, சொந்தமாக ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். சுமீத் மிக்சி பிறந்தது. கையடக்கம், விலையும் குறைவு, சட்னி இரண்டு நிமிடம். கிரைண்டரின் கதை முடிந்தது என்றே நினைக்கத் தோன்றும். காப்பாற்றியது உளுந்து. மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்றில் பருப்பை வெட்டும், வெட்டும்போதே சூடாக்கும். கல் மெதுவாக நசுக்கும். நசுங்கிய உளுந்தின் வழுவழுப்பு காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இட்லி மெத்தென்று வருவதற்குப் புளிப்போடு இந்தக் காற்றும் வேண்டும். தமிழ்நாட்டு அடுப்படி இரண்டையும் வைத்துக்கொண்டது, சட்னிக்கு மிக்சி, மாவுக்குக் கல்.

போட்டியில் கிரைண்டரும் இளைத்தது. பெரிய குழியும் ஒற்றைக் குழவியும் போய், எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் கல், அதன்மேல் உருளும் இரண்டு மூன்று சின்ன உருளைகள், அடியில் மோட்டார் என்று மேசைமேல் ஏறியது. சில நிறுவனங்கள் உருளையைக் கூம்பு வடிவத்துக்கு மாற்றின. பாத்திரத்தைத் தனியே கழற்றிக் கழுவலாம். இந்த அளவுக்குச் சுருங்கியதால்தான் மென்பொருள் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெட்டியில் ஏறி அமெரிக்காவுக்கும் போனது. போன இடத்தில் புதுச் சிக்கல். அங்கே 110-120 வோல்ட், வினாடிக்கு 60 சுழற்சி. இங்கத்து மோட்டாரைச் செருகினால் உருப்படியாக ஓடாது. கோவைக்காரர்கள் அதற்கென்று 110 வோல்ட் கிரைண்டரையும் செய்து அனுப்பினார்கள்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபோது, டார்ஜிலிங் தேயிலையும் காஞ்சிபுரம் பட்டும் வரிசையில் நின்றன. பவானி ஜமக்காளமும் நின்றது. அதே வரிசையில் கோவையும் விண்ணப்பத்தோடு வந்தது. மண்ணுக்கும் கைத்தறிக்கும் ஊர்ப்பெயர் கொடுக்கலாம், மோட்டார் வைத்த ஒரு சாமானுக்குமா? 2005-06இல் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயர் கோவைக்கே சொந்தமானது.

மரியாதை கிடைத்த சில ஆண்டுகளில் சோதனையும் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு, கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அரசாங்கமே கிரைண்டரைச் சமையலறையின் அடிப்படைத் தேவை என்று ஒப்புக்கொண்டதில் பெருமைதான். ஆனால் சும்மா வரப்போகும் பொருளைக் காசு கொடுத்து வாங்க யார் கடையேறுவார்?

அதையும் தாண்டிய பிறகு வரி வந்து நின்றது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அறிமுகமானபோது கிரைண்டருக்கு 28 சதவீதம். ஆடம்பரப் பொருளாம்! ஊரே கொதித்தது. நவம்பரில் 12 ஆக இறக்கினார்கள். சலுகை மிக்சிக்குப் போய்விடக் கூடாது என்று, கல்லால் அரைக்கும் கிரைண்டருக்கு மட்டும் என்று எழுதி வைத்தார்கள். ஊத்துக்குளிக் கல் வரிச் சட்டத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். மிக்சிக்கு 2018இல் 18 ஆனது. 2019இல் கிரைண்டர் இன்னும் இறங்கி 5 சதவீதத்தைத் தொட்டது. பட்டறைகள் மூச்சு விட்டன. மூன்று வருடம்கூட நீடிக்கவில்லை. 2022 ஜூலை 18 முதல் கிரைண்டருக்கு 18 சதவீதம். உளுந்தைக் காட்டி அரை நூற்றாண்டாக ஒதுக்கி வைத்த மிக்சியோடு, கணக்குப் பிள்ளையின் ஏட்டில் ஒரே வரிசையில் போய் உட்கார வேண்டியதாயிற்று.