வளைந்தது விரலா, விசையா?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்களை நன்றாகப் பயமுறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கணிப்பொறிக்கு மனிதன் வளைந்தானா, மனிதனுக்குக் கணிப்பொறி வளைந்ததா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் கேட்டார், "மனுசனுக்குக் கூனே விழுந்து போச்சு, இன்னும் என்னய்யா வளையணும்?"னு. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். முதுகு வலியோடு தட்டினேன். (சிரிப்பு)

ஒரு கட்டம் வரைக்கும் அவர் சொல்வது உண்மை. என் கதையையே சொல்கிறேன். 1998ஆம் வருடம். முனைவர் பட்ட ஆய்வேடு. அகநானூற்றில் பாலைத்திணை. நாலு வருட உழைப்பை ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து, அடித்து, ஃப்ளாப்பியில் வாங்கி வைத்திருந்தேன். ஒப்படைக்க இரண்டு நாள்தான் பாக்கி. பார்த்தால் கடை பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சரி என்று அடுத்த தெருவில் இன்னொரு கடைக்கு ஓடினேன். அந்தத் தம்பி ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தார். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி! அட்டை முதல் அட்டை வரை இப்படியே. பாலைத்திணை என்றேன், மொத்தமும் பாலைவனமாகி நிற்கிறது. (சிரிப்பு)

அந்தத் தம்பி கேட்டார், "சார், இது என்ன பாஷை?" பிறகு சொன்னார் பாருங்கள், "தப்பு உங்க மேலதான் சார். ஃபாண்டைக் கொண்டு வரலியே."

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தம் விருப்பப்படி தமிழ் எழுத்தைக் குடியமர்த்தினார். ஒருவர் வீட்டில் 'த' இருந்த இடத்தில் இன்னொருவர் வீட்டில் 'ந' இருக்கும். ஆனால் பழி யார் மேல்? நாலு வருடம் சங்க இலக்கியம் படித்தவன் மேல். எனக்கு வலித்தது ஏடு போனதில்கூட இல்லை, 'தப்பு உங்க மேல' என்ற அந்த வார்த்தையில்தான். நடுவர் அவர்களே, இந்த வார்த்தையை ஏற்க மறுத்த சிலருடைய சரித்திரம்தான் என் வாதம்.

1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கல்பார்ட் என்கிற பொறியாளர் மேடையில் உட்கார்ந்து 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் காட்டினார். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதன் முதல் மாதிரியை அவருடைய கூட்டாளி பில் இங்லிஷ் 1964இல் மரத்தில் செய்தார். அடியில் இரண்டு சக்கரம், வால் மாதிரி ஒரு கம்பி. அதனால் மவுஸ். அதுவரை கணிப்பொறியிடம் வேலை வாங்க வேண்டுமானால் பெரும்பாலும் அதன் கட்டளைச் சொற்களை நெட்டுரு போட வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் போச்சு. இவர் என்ன செய்தார்? திரையைக் காட்டி, 'அது', 'இது' என்றார். நாம் தமிழில் மவுஸுக்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்தோமே, எத்தனை பொருத்தம்! அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறார் தொல்காப்பியர். பேச்சு வராத குழந்தை முதலில் விரலை நீட்டித்தானே கேட்கிறது? அந்த விரலைத்தான் எங்கல்பார்ட் கணிப்பொறிக்குப் புரிய வைத்தார்.

அடுத்தது ஜெராக்ஸ் பார்க். கலிபோர்னியாவில் இருந்த ஆராய்ச்சிக்கூடம். அங்கே 1970களில் 'பிராவோ' என்று ஒரு எழுது மென்பொருள். ரொம்ப கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதற்கு இரண்டு நிலை உண்டு. ஒரு நிலையில் தட்டினால் எழுத்து விழும், இன்னொரு நிலையில் அதே எழுத்து கட்டளையாகிவிடும். ஒருவர் நிலை மறந்து, ஆங்கிலத்தில் 'எடிட்' என்று நாலு எழுத்தைத் தட்டினால் என்ன ஆகும்? 'இ' என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு. 'டி' என்றால் அழி. 'ஐ' என்றால் புதிதாகச் செருகு. கடைசி 'டி' வெறும் எழுத்து. மொத்த ஏடும் போய், திரையில் ஒற்றை 'டி' நிற்கும்! திருத்து என்று சொன்னால் தீர்த்துக் கட்டிவிடும். (சிரிப்பு, கைதட்டல்)

லாரி டெஸ்லர் என்கிறவருக்கு இந்த நிலைமாற்றம் என்றாலே ஆகாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக வேலைக்கு வந்த ஒரு செயலாளர் அம்மாவை வெற்றுத் திரைக்கு முன் உட்கார வைத்தார். "இங்கே உங்கள் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருத்துவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டார். அந்த அம்மா சொல்லச் சொல்ல இவர் குறித்துக்கொண்டார். பதிப்பகத்தில் கத்தரியும் பசையும் வைத்து வேலை பார்த்தவர்களையும் அவருடைய கூட்டாளி டிம் மாட் பார்த்துக் குறித்து வந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஜிப்சி' மென்பொருள். நாம் இன்று வெட்டி ஒட்டுகிறோமே, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது. டெஸ்லர் 2020இல் மறைந்தார். கவனியுங்கள், அவர் அந்த அம்மாவுக்குப் பாடம் நடத்தவில்லை. பாடம் கேட்டுக்கொண்டார்.

பிறகு 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார். விலை 16,595 டாலர். யாரால் வாங்க முடியும்? 1984இல் மெக்கின்டாஷ், 2,495 டாலர். அதில் ஒரு வேடிக்கை. ஃப்ளாப்பியை வெளியே எடுக்க ஒரு வழி, அதன் படத்தை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது. குப்பைத் தொட்டிதான் அழிக்கிற இடமும்! என் ஆய்வேட்டை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்திருப்பேனா? தாலியைக் கழற்றி உண்டியலில் போடு, திரும்பி வரும் என்பது போல இருக்கிறது. எதிரணிக்கு இந்த ஒரு மதிப்பெண்ணைத் தாராளமாகத் தருகிறேன்.

இன்னொன்றும் தருகிறேன். இயந்திரத்துக்காக நம் எழுத்தையே மாற்றினோமே என்றார்கள். 1978இல் 'லை'யின் துதிக்கையை மடக்கியதற்கு அச்சு வசதியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே இயந்திரத்தை வளைத்த தமிழன் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா. 247 எழுத்தைத் தட்டச்சுப் பொறியில் எப்படி அடக்குவது? விசிறியைத் தனி விசையாகப் பிரித்தார். அதை அடித்தால் அச்சு விழும், தாள் நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் விசிறிக்குக் கீழே வந்து உட்காரும். அதற்கு 'நகரா விசை' என்று பெயர். ஜெர்மனியில் பொறி செய்தார்கள், ஆனால் பணிந்தது யாருக்கு? 'கி'க்கும் 'வி'க்கும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணைய மாநாடு. அந்த ஆண்டே தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'ம' இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். 'ந'வை அடுத்து 'த' வந்தால் 'ந்த' ஆகிவிடும். இது என்னங்க? உடனிலை மெய்ம்மயக்கம், இனவெழுத்து! நான் வகுப்பில் கத்திக் கத்திச் சொல்லியும் பின்வரிசை மாணவனுக்கு ஏறாத இலக்கணம் இயந்திரத்துக்கு ஏறிவிட்டது. (பலத்த கைதட்டல்)

என் ஆய்வேடு என்னாச்சு என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டிலிருந்து கடைக்காரரைப் பிடித்து வந்து, விடிய விடிய அச்செடுத்து, கடைசி நாளில் கொடுத்தேன். அந்த ஃப்ளாப்பி இன்னும் இருக்கிறது. திறக்கத்தான் ஆளில்லை.

எங்கம்மாவுக்கு 80 வயது. அஞ்சாம் வகுப்போடு நின்றவர். பேத்தி தன் பழைய போனில் தமிழ்99 போட்டுக் கொடுத்தாள். போன மாதம் எனக்கு அம்மாவிடமிருந்து முதல் செய்தி வந்தது. 'சாப்பிட்டியா.' நான் எண்ணிப் பார்த்தேன். பத்தே தட்டு. இரண்டு புள்ளிகளையும் போனே வைத்துக்கொண்டது. கேள்விக்குறிதான் இல்லை. அவர் எப்போதுமே அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. இன்றைக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும், பதில் போட வேண்டும். வணக்கம்.