அச்சும் அப்பமும்

புதுவைக்குத் தெற்கே கடலோரமாய் அமைந்த மணப்பட்டு முதலிய பாகூர்க் கொம்யூன் ஊர்கள் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆளுகையில் இருந்தவை. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றவற்றுள் சட்டத்தையும் காவலரின் சிவப்புத் தொப்பியையும் பற்றிப் பேசுவோர் பலர். அடுப்பங்கரையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பிரான்சில் குடியேறிய உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் பொருள்களில் இன்று வாஃபிள் சுடும் மின்கருவியும் ஒன்று. நகரக் கடைகளிலும் அது விற்கப்படுகிறது. புதுமோகம் என்று அதனை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால், அதன் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் திருப்பீடத்தின் அருகே போய் நிற்போம்.

இலத்தீன் திருச்சபையில் திருப்பலிக்கு உரியது புளியாத கோதுமை அப்பம். நம் முன்னோர் 'ஓஸ்தி' என்று வழங்கிய அந்த மெல்லிய அப்பத்தைச் சுட, நீண்ட இரு கைப்பிடிகளும் இரு தட்டையான இரும்புத் தகடுகளும் கொண்ட இடுக்கி போன்ற கருவி இடைக்கால ஐரோப்பாவில் வழக்கிலிருந்தது. தகட்டின் உட்புறத்தில் சிலுவையையும் இயேசுவின் திருப்பெயர் எழுத்துகளையும் செதுக்கியிருப்பார்கள். மாவும் தண்ணீரும் கலந்த கரைசலைக் காய்ந்த தகட்டில் ஊற்றி மூடி நெருப்பில் காட்டினால், சிறிது நேரத்தில் சிலுவை பதிந்த அப்பம் வெளிவரும்.

இவ்வேலையை இழிவாக எவரும் கருதவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பிராங்கியரின் அரசியாயிருந்து, அரண்மனையைத் துறந்து புவாத்தியே நகரில் கன்னியர் மடம் நிறுவிய புனித ராதகுந்தா, திருப்பலிக்குரிய அப்பத்தைத் தம் கையாலேயே செய்து ஆலயங்களுக்கு அளித்தார் என்று அவரது வரலாற்றை எழுதிய வெனான்சியுஸ் ஃபொர்துனாத்துஸ் கூறுகிறார். அரசியின் கையில் மாவு ஒட்டியிருந்ததை அவர் எழுதத் தக்க செய்தியாகக் கருதினார் என்பது நம் கவனத்துக்குரியது.

காணிக்கையாக்கப்பட்டது என்று பொருள்படும் 'ஒப்லாத்தா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து 'ஊப்லி' என்ற பிரெஞ்சுச் சொல் பிறந்தது. பலிபீடத்துக்கு உரியதல்லாத, தெருவில் விற்கும் மெல்லிய பணியாரத்துக்கு அது பெயராயிற்று. 13ஆம் நூற்றாண்டுப் பாரிசில் இதைச் சுடுவோர் தனித் தொழிற்குழுவாகவே இயங்கினர். திருநாள்களில் கோயில் வாயிலருகே சுடச்சுட விற்பார்கள். காலப்போக்கில் கரைசல் கெட்டியாகி, முட்டையும் வெண்ணெயும் சேர்ந்து, தகட்டில் தேனடை போன்ற கட்டங்கள் இடம்பெற்றன. பிரெஞ்சில் 'கோஃப்ர்', டச்சு மொழியில் 'வாஃபெல்' என்ற பெயர்கள் அந்தத் தேனடையையே குறிப்பன. தவக்காலத்தில் முட்டையும் கொழுப்பும் விலக்கப்பட்டிருந்த காலமாதலால், சாம்பல் புதனுக்கு முன்பே அவற்றைத் தீர்த்துவிட இப்பணியாரம் நன்கு உதவிற்று. பீட்டர் புரூகல் 1559இல் தீட்டிய, களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் போரைக் காட்டும் ஓவியத்தில் வாஃபிள்களும் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று.

நம் பக்கத்துக்கு வருவோம். இக்கருவிக்கு நம் வீடுகளில் ஓர் உறவினன் உண்டு. அதுவே அச்சு முறுக்கு அச்சு. முறுக்கு என்று பெயர். ஆனால் அதில் முறுக்குவதற்கு ஒன்றுமில்லை! கேரளத்தில் அது அச்சப்பம். ஆங்கிலோ-இந்தியர் அதனை ரோஸ் குக்கி என்பர். இலங்கையில் 'கொக்கிஸ்' என வழங்கும் பெயர் டச்சுச் சொல்லின் திரிபு. தகடுகளுக்கிடையே சுடுவது ஒன்று, எண்ணெயில் பொரிப்பது மற்றொன்று என்றாலும், சூடேறிய உலோகம் கரைசலுக்கு உருவம் தரும் என்ற கருத்து இரண்டுக்கும் பொது.

அச்சு வாங்குவோர் அதன் பளபளப்பைப் பார்க்க வேண்டியதில்லை. கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். கனமே சூட்டைக் காக்கும். வார்ப்பிரும்போ பித்தளையோ, இதழ்களின் விளிம்பு பிசிறின்றிச் சீராக இருக்க வேண்டும், கம்பி ஆடக்கூடாது. புது அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்து, ஓரிரவு எண்ணெயில் கிடத்துவது வழக்கம். அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, சிறிது எள். பாகூர் ஏரிப் பாசனத்து அரிசியும் கடலோரத் தோப்புத் தேங்காயும் இருக்க, மணப்பட்டு அடுப்படிக்கு வெளியூர்ப் பொருள் அதிகம் தேவையில்லை. அச்சை முதலில் எண்ணெயிலேயே காய வைத்து, எண்ணெயை உதறிவிட்டு, கரைசலில் முக்கால் உயரம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல்விளிம்பையும் கரைசல் மூடிவிட்டால் முறுக்கு கழலாது. சூடு குறைந்த அச்சில் மாவு பிடிக்காது. மிஞ்சினால் தோய்த்தவுடன் வெந்து பிடித்துக்கொள்ளும். இந்த நிதானத்தை எந்த ஏட்டிலும் படித்துப் பெற இயலாது. கண்டு பழகியவர் அருகிருக்க வேண்டும். பெருவிழாவுக்குப் பொட்டலமாய் முறுக்கு வாங்கும் வீடுகளில் அச்சு மட்டுமா பரணேறிவிட்டது? தாயிடமிருந்து மகளுக்கும் மருமகளுக்கும் சென்ற கைப்பழக்கமும் கூடவே ஏறிவிட்டது. நமக்கு அதுவே கவலை.

மின்கருவிக்கும் இதே இலக்கணம்தான். கீல் பூட்டிய வாஃபிள் இரும்புக்கு அமெரிக்கரான கொர்னேலியஸ் சுவார்ட்வுட் 1869இல் காப்புரிமை பெற்றார். மின்சாரம் பின்னர் வந்தது. தகடு கனமாகவும் கட்டம் ஆழமாகவும், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடும் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். தகட்டைக் கழற்றிக் கழுவ முடிந்தால் எறும்புத் தொல்லை குறையும். பிரான்சிலிருந்து வரும் கருவிக்கு மின்னழுத்தம் பொருந்தும். இரு நாட்டிலும் 230 வோல்ட்டே. செருகிதான் வேறு, தரையிணைப்புள்ள மாற்றுச் செருகி தேவை. நன்கு காய்ந்தபின் எண்ணெய் தடவி, ஓரம்வரை நிரப்பாமல் ஊற்றி மூடவேண்டும். ஆவி அடங்குமுன் திறந்தால் அப்பம் இரண்டாய்க் கிழியும்.

ஒன்றைப் பிரித்தறிவது நலம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதிப்படி, திருப்பலி அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும் அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். முட்டைக்கும் சர்க்கரைக்கும் அங்கே இடமில்லை. அவை நம் மேசைக்கு உரியவை.

வேலை முடிந்ததும் அச்சுக்குச் சோப்பு வேண்டாம். சூடு ஆறுமுன் துணியால் துடைத்து, எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வைத்தால் அடுத்த டிசம்பர் வரை துரு அண்டாது.