சரளைச் சாலையில் மிதிவண்டி: புதுக்கோட்டைப் பெண்களின் பயண வரலாறு

தார் போடாத சரளைச் சாலைகளிலும் குன்றுகளுக்கு இடையே செல்லும் மண் தடங்களிலும் மிதிவண்டி ஓட்டுவது இன்று உலகின் பல நாடுகளில் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. இதற்கென அகன்ற டயர்களுடன் தனி வகை மிதிவண்டிகள் தயாரிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பொறுத்தவரை இத்தகைய பயணம் நெடுங்காலமாக அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருந்து வந்துள்ளது. அதன் வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்வு 1991, 1992 ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. அங்கு பல்லாயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர்.

சாலையும் வண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லவுடன் மெக்காடம், சிறு கற்களாக உடைத்த ஜல்லியை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கும் முறையைப் பரவலாக்கினார். தமிழில் கப்பிச் சாலை என்று வழங்கப்படுவது இந்த முறையில் அமைந்த சாலையே. ஊர்களை இணைக்கும் பெரும் சாலைகள் கப்பிச் சாலைகளாயின. அவற்றிலிருந்து பிரிந்து சிற்றூர்களுக்குச் செல்லும் வழிகள் செம்மண் சரளைத் தடங்களாகவும் மாட்டு வண்டித் தடங்களாகவும் கண்மாய்க் கரைகளாகவுமே நீடித்தன.

இரு சக்கரங்களும் ஒரே அளவில் உள்ள இன்றைய மிதிவண்டியின் முன்னோடியை 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கினார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். கரடுமுரடான தரையிலும் உடல் குலுங்காமல் செல்ல முடிந்தது இந்த டயரால்தான். இந்தியாவுக்கு முதலில் இறக்குமதியாக வந்த மிதிவண்டி, நாடு விடுதலை பெற்றபின் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

கிராமங்களில் பரவலாக ஓடிய கருப்பு நிற மிதிவண்டியின் டயர் அளவு 28 × 1½ அங்குலம். அதாவது டயரின் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இன்று சரளைப் பயணத்துக்கென விற்கப்படும் வண்டிகளின் டயர்களும் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. கனமான சட்டமும் நீண்ட அடிப்பாகமும் பழைய வண்டிக்குக் கரடான தரையில் நிலைத்தன்மை அளித்தன. ஆனால் அதில் கியர் கிடையாது. ஆகவே ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே வழக்கம்.

புதுக்கோட்டையின் நிலம்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் மாதத்தில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாக உருவாக்கப்பட்டது. மழையை நம்பிய வேளாண்மை, கண்மாய்ப் பாசனம், ஆங்காங்கே எழும் பாறைக் குன்றுகள் ஆகியவை இந்நிலத்தின் இயல்பு. சமண ஓவியங்களால் புகழ்பெற்ற சித்தன்னவாசல், விசயாலய சோழீச்சுரம் அமைந்த நார்த்தாமலை, இசைக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலை ஆகிய மூன்றுமே இத்தகைய குன்றுகள்தான்.

இங்கு பாறை வரலாற்றுச் சின்னமாக மட்டும் இருக்கவில்லை. அது பிழைப்பாகவும் இருந்தது. கல் குவாரிகளில் ஆண்களோடு பெண்களும் வேலை செய்தனர். ஜல்லி உடைக்கும் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. சாலைகளுக்குப் போகும் கல்லை உடைத்தவர்கள், அந்தச் சாலைகளில் நடந்தே போய் வந்தனர். பேருந்து குறைவாகவே வந்தது. பிறந்த வீடு, சந்தை, மருத்துவமனை என்று எங்கு போவதானாலும் கணவரோ சகோதரரோ மகனோ மிதிவண்டியில் ஏற்றிச் சென்றால்தான் உண்டு. மிதிவண்டி வீட்டில் இருந்தாலும் அது ஆண்களின் உடைமையாகவே கருதப்பட்டது.

அறிவொளி இயக்கமும் மிதிவண்டியும்

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் வழியில் 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தீவிரமாக நடைபெற்றது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பாடம் நடத்தும் தொண்டர்களில் பலர் பெண்கள். மாலை நேரத்தில் ஊர் விட்டு ஊர் சென்று வகுப்பு நடத்த வேண்டிய அவர்களுக்குப் போக்குவரத்தே முதல் தடையாக இருந்தது. எழுதப் படிக்கக் கற்பதோடு மிதிவண்டி ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் மிதிவண்டி வாங்குவதற்குக் கடன் வசதியும் செய்து தரப்பட்டது. இயக்கத் தொண்டரான முத்து பாஸ்கரன் மிதிவண்டி பற்றி எழுதிய பாடல் பயிற்சி நடந்த ஊர்களிலெல்லாம் பாடப்பட்டது.

வேளாண் கூலித் தொழிலாளர்கள், குவாரித் தொழிலாளர்கள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் பயிற்சியில் சேர்ந்தனர். தொடக்கத்தில் கேலியும் ஏச்சும் இருந்தன. அவற்றைப் பொருட்படுத்தாமல் பெண்கள் கற்றனர். கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டி 1,500 பெண்கள் மிதிவண்டிகளில் கொடி கட்டி, மணி ஒலித்தபடி புதுக்கோட்டை நகரில் ஊர்வலமாகச் சென்றனர்.

இந்நிகழ்வுகளை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், இயக்கம் நடத்திய கண்காட்சிப் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டிக் காட்டியதாகப் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் தட்டுப்பாடாகியதையும், பலர் ஆண்களுக்கான வண்டியையே வாங்கியதையும் அவர் குறிப்பிடுகிறார். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர். அவரது கட்டுரையின் இந்தி வடிவம், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாக இடம்பெற்றது.

இதே காலத்தில் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடும் முயற்சியும் மாவட்டத்தில் நடந்தது. கணக்குப் பார்க்க எழுத்தறிவும், அலுவலகத்துக்கும் குவாரிக்கும் போய்வர மிதிவண்டியும் அப்பெண்களுக்குத் தேவைப்பட்டன. ஆகவே எழுத்து, மிதிவண்டி, குத்தகை ஆகிய மூன்றையும் தனித்தனி நிகழ்வுகளாகப் பார்க்க இயலாது.

தூரம் என்னும் தடை

மிதிவண்டியின் பயன் ஊருக்கு ஊர் மாறுபடும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதியில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பள்ளியும் கடைத்தெருவும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கு மிதிவண்டி ஒரு வசதி. குன்றும் கண்மாயும் இடையிட்ட சிற்றூரில், பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே தூரம்தான்.

பின்னர் வந்த அரசுத் திட்டங்கள் இதை உணர்ந்தே அமைந்தன. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2005-06 முதல் அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டித் திட்டம் கொண்டு வந்தது. அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உயர்நிலைப் பள்ளியில் மாணவிகளின் சேர்க்கை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் இந்த உயர்வு அதிகமாக இருந்தது.

விளையாட்டான சரளைப் பயணம்

மேலை நாடுகளில் சரளைச் சாலைகள் வேறொரு காரணத்தால் கவனம் பெற்றன. இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் உள்ள வெண்ணிறச் சரளைச் சாலைகள் தார்ச் சாலைகளாகி மறைந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில், 1997இல் கையோலே இன் கியாந்தி என்னும் ஊரில் பழைய மிதிவண்டிகளில் செல்லும் ‘எரோய்கா’ பயணம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஃபிளின்ட் குன்றுகளில் 2006 முதல் 200 மைல் சரளைப் போட்டி நடைபெறுகிறது. 2022இல் உலக மிதிவண்டி ஒன்றியம் முதல் சரளை மிதிவண்டி உலகப் போட்டியை இத்தாலியில் நடத்தியது.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான முயற்சியே தேவைப்பட்டது. 2000 திசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், எல்லாப் பருவங்களிலும் பயன்படும் சாலையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்வதை நோக்கமாகக் கொண்டது. மழையில் கரைந்துபோகும் தடம், அன்றாடம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியவர்களுக்குத் துன்பமே.

தமிழ்நாட்டில் குன்றுப் பகுதிகளின் சரளைத் தடங்களில் இன்று பொழுதுபோக்காக மிதிவண்டி ஓட்டுவோரும் உண்டு. அவர்கள் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்துச் செல்கின்றனர். 1991இல் புதுக்கோட்டைப் பெண்களுக்குப் பாதையில் தேர்வு இருக்கவில்லை. இருந்த தடத்தில் யாருக்கும் காத்திராமல், தாம் நினைத்த நேரத்தில் போய்வரும் உரிமையை அவர்கள் பெற்றனர். மிதிவண்டி வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் அதனால் அமைந்தது.