2035: ஒரு தவறான ஆண்டின் வரலாறு

இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்றொரு கூற்று 2007இல் ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு வெளியிட்ட நான்காம் மதிப்பீட்டறிக்கையில் இடம்பெற்றது. இரண்டாம் பணிக்குழுவின் தொகுதியில், ஆசியா பற்றிய பத்தாம் அதிகாரத்தில் அது இருந்தது. அவ்வாண்டின் அமைதிக்கான நொபெல் பரிசை அல் கோருடன் அக்குழு பகிர்ந்துகொண்டது. 2010 ஜனவரி 20 அன்று அதே குழு அந்தப் பத்திக்காக வருத்தம் தெரிவித்தது. காலநிலைக் கணிப்புகள் மீதான ஐயம் எங்கே பிறக்கிறது, யார் கையில் என்னவாக மாறுகிறது என்பதை ஆராய விரும்புவோருக்கு, இந்தியாவைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? ஐ.பி.சி.சி. தன் சான்றாகக் காட்டியது உலக இயற்கை நிதியம் 2005இல் வெளியிட்ட அறிக்கையை. அவ்வறிக்கை 1999இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்திக் கட்டுரையைச் சார்ந்திருந்தது. அக்கட்டுரைக்கு ஆதாரம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பனியாற்றியலாளர் சையத் இக்பால் ஹஸ்னைன் அளித்த நேர்காணல். அவர் தலைமையில் இமயப் பனியாறுகள் குறித்து உருவான பணிக்குழு அறிக்கையிலோ பனியாறுகள் மறையும் ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை. இன்னொரு இழையும் உண்டு. ரஷ்யப் பனியாற்றியலாளர் கோட்லியாகோவ் 1996இல் யுனெஸ்கோவுக்காகத் தொகுத்த ஆவணம், துருவங்களுக்கு வெளியே உலகெங்குமுள்ள பனியாறுகளின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்றது. அது குறித்த ஆண்டு 2350. ஐ.பி.சி.சி. பத்தியில் இதே இரு பரப்பளவுகளும் இமயத்துக்கு உரியவையாக நின்றன; ஆண்டு 2035 ஆகியிருந்தது. இமயப் பனியாறுகளின் மொத்தப் பரப்பு இதைவிட மிகக் குறைவு என்று அதே அதிகாரமே கூறியிருந்தது என்பதுதான் வியப்பு. அடுத்திருந்த அட்டவணையில் பிண்டாரி பனியாறு ஆண்டுக்கு 135.2 மீட்டர் பின்வாங்கியதாக ஒரு கணக்கு. 1845க்கும் 1966க்கும் இடையில் அது பின்வாங்கிய 2,840 மீட்டரை 121 ஆண்டுகளால் வகுத்திருக்க வேண்டும், 21ஆல் வகுத்திருந்தார்கள். சரியான விடை சுமார் 23 மீட்டர். வகுத்தல் கணக்கில் நேர்ந்த இப்பிழையைக் காணப் பனியாற்றியல் பயிற்சி கூடத் தேவையில்லை.

பயிற்சி உடையவர்களுக்கோ அந்த ஆண்டே நகைப்புக்குரியது. பெரிய இமயப் பனியாறுகளின் தடிமன் நூற்றுக்கணக்கான மீட்டர்; அவை ஆண்டுக்குச் சராசரியாக இழப்பது ஒரு மீட்டருக்கும் குறைவு. முப்பது ஆண்டுகளில் அவை முற்றும் மறைய இயலாது. ஆஸ்திரியப் பனியாற்றியலாளர் கியோர்க் காசர் 2006லேயே எச்சரித்ததாகப் பின்னர் தெரிவித்தார். வரைவைப் படித்த ஜப்பான் அரசு, இக்கூற்றின் உறுதிநிலை என்ன என்று கேட்டிருந்தது. கேள்வி பதிவானது, வாக்கியம் நின்றது. பனியையும் பனியாறுகளையும் இயற்பியல் நோக்கில் மதிப்பிட்ட முதலாம் பணிக்குழுவின் தொகுதியில் இக்கூற்று இல்லை. பனியாற்றியலாளர்கள் பெரும்பாலும் படித்தது அத்தொகுதியை. ஆசிய அதிகாரம் அவர்கள் கண்ணில் படாமலே போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு விவாதக் கட்டுரையை வெளியிட்டார். எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா. பல பத்தாண்டுக் களப்பதிவுகளைத் திரட்டி அவர் முன்வைத்த வாதம்: இமயப் பனியாறுகள் பின்வாங்குகின்றன, ஆனால் அது வழமைக்கு மாறான வேகம் அன்று, கங்கோத்ரியின் முகப்பு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ அசையாமலே நிற்கிறது, இப்பின்வாங்கலைப் புவி வெப்பமயமாதலோடு இணைக்கப் போதிய சான்று இல்லை. ஐ.பி.சி.சி. தலைவர் ராஜேந்திர பச்சௌரி இதற்கு அளித்த பதிலில் நினைவில் நின்றது ‘வூடூ அறிவியல்’ என்ற சொல்.

இங்கேதான் விவாதம் தடம் புரண்டது. ரெய்னாவின் கட்டுரையில் இரு வேறு கூற்றுகள் பின்னிக் கிடந்தன. 2035 தவறு என்பது ஒன்று. அதில் அவர் முழுக்கச் சரி. வெப்பமயமாதலின் தடம் இமயத்தில் தெரியவில்லை என்பது மற்றொன்று. அது முகப்பின் நிலையை வைத்துப் பனியாற்றின் நலத்தை அளக்கும் பழைய முறையைச் சார்ந்தது. இமயத்துப் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதியைக் கற்குவியல் போர்த்தியிருக்கிறது. அவற்றின் முகப்பு இருந்த இடத்திலேயே இருக்க, பனி மேலிருந்து மெலிந்துகொண்டே போகலாம். எனவே கங்கோத்ரியின் முகப்பு நின்றுவிட்டதென்ற தகவல் உண்மையாக இருந்தும், அதிலிருந்து பெறப்பட்ட முடிவு வலுவற்றது. இந்த நுட்பமான மறுப்பை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அதிகாரத்தின் குரல் ஒலித்தது. விளைவாக, சில வாரங்களில் 2035 சரிந்தபோது ரெய்னாவின் இரண்டாம் கூற்றும் அதனுடன் சேர்ந்து வென்றதாகவே பொதுமக்களுக்குத் தோன்றியது.

காலமும் அதற்கு உதவிற்று. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு வெளியானது அதே நவம்பரில். கோபன்ஹேகன் மாநாடு டிசம்பரில். இந்தியாவில் இந்த ஐயத்துக்கு ஒரு தனி நிறமும் இருந்தது. மேலை நாடுகளில் காலநிலை ஐயவாதம் பெரும்பாலும் எரிபொருள் நலன்களோடும் அரசின் கட்டுப்பாட்டை வெறுக்கும் அரசியலோடும் பிணைந்தது. இங்கே அது நம் அறிவியல், பிறர் அறிவியல் என்ற மொழியில் பேசியது. அதை முற்றிலும் வெற்றுப் பெருமிதம் என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தியப் புவியியல் ஆய்வகம் இமயப் பனியாறுகளின் முகப்புகளைக் குறித்து வைக்கத் தொடங்கியது 1906 வாக்கில். அந்த நூற்றாண்டு உழைப்பை உலக மதிப்பீடு பொருட்படுத்தாமல் ஓர் இதழ்ச் செய்தியை நம்பியது என்ற மனக்குறை நியாயமானதே. மறுபுறம், எல்லைப் பகுதி நிலப்படங்களும் நதிநீர்த் தரவுகளும் ஆய்வாளர்க்கு எளிதில் கிடைக்காத நாட்டில், வெளியார் நம் தரவைப் படிக்கவில்லை என்று குறைகூறுவதில் ஒரு முரண் இருக்கிறது.

பிழையின் தடத்தைப் பொறுமையாகத் துலக்கியவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் காக்லி. காசர் உள்ளிட்ட மூவருடன் அவர் எழுதிய கடிதம் 2010 ஜனவரி இறுதியில் சயன்ஸ் இதழில் வந்தது. ஆக, பிழையைச் சுட்டியவர்களில் முன்நின்றோர் வெப்பமயமாதலை ஐயுற்றவர்கள் அல்லர்; அதை ஆண்டாண்டாகப் பனியில் அளந்துவந்தவர்கள். ஆகஸ்டில் பன்னாட்டு அறிவியல் கழகங்களின் மன்றம் ஐ.பி.சி.சி.யின் நடைமுறைகளை ஆராய்ந்து அளித்த அறிக்கை, மதிப்பீட்டு முறை மொத்தத்தில் வெற்றியடைந்திருப்பதாகச் சொன்னது. கூடவே, இரண்டாம் பணிக்குழுவின் சுருக்கத்தில் போதிய சான்றில்லாத கூற்றுகளுக்கும் உயர்ந்த உறுதிநிலை தரப்பட்டிருந்ததைக் கண்டித்தது.

இதற்குப் பின்னும் எண்கள் அமைதியாக இருக்கவில்லை. ஈர்ப்புவிசையை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களைக் கொண்டு 2012இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஆசிய உயர்மலைகளின் பனி இழப்பை ஆண்டுக்கு 4 கிகாடன் என்றது. முந்தைய மதிப்பீடுகள் 50ஐ ஒட்டி இருந்தன. இமயம் பனியையே இழக்கவில்லை என்ற பொருளில் நாளேட்டுத் தலைப்புகள் வந்தன. அந்த 4க்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த கூட்டல் கழித்தல் 20 என்ற பிழை எல்லை தலைப்புகளில் இடம்பெறவில்லை. 2007இல் உறுதியின்மையை மறைத்து ஓர் ஆண்டு நின்றது; 2012இல் உறுதியின்மையை மறைத்து ஒரு சுழியம் நின்றது.

விடையின் ஒரு பகுதி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1970களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த நிழற்படங்கள் இரகசியம் நீங்கி வெளியானபின், அவற்றைப் பிற்காலப் படங்களோடு ஒப்பிட்டு 650 இமயப் பனியாறுகளின் உயரத்தைக் கணக்கிட்டவர்கள் 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சுமார் 22 சென்டிமீட்டர் நீருக்கு ஈடான பனியை இழந்த பனியாறுகள், 2000க்குப் பின் சுமார் 43 சென்டிமீட்டரை இழந்துவந்தன. கற்போர்வை உள்ளவையும் இல்லாதவையும் இவ்விழப்பில் ஒத்திருந்தன. அவர்களும் தங்கள் எண்களுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 13, 14 சென்டிமீட்டர் பிழை எல்லையை அச்சிட்டிருக்கிறார்கள். பனியாறுகள் எந்த ஆண்டில் மறையும் என்று அக்கட்டுரை கூறவில்லை.